தற்கொலை வீதங்கள் எதைச் சொல்கின்றன, ஆபத்துக் காரணிகள் எதற்குப் பயன்படுகின்றன

கேள்வி மூன்று பகுதிகளைக் கொண்டது. உலகில் தற்கொலைகள் கூடிக்கொண்டே போகின்றனவா? யாருக்கு ஆபத்து அதிகம்? ஒரு தனிமனிதரின் அந்தரங்கத் துயரமாகத் தோன்றும் ஒன்றை, காசநோயையும் சாலை விபத்தையும் போலப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று ஏன் வகைப்படுத்துகிறார்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் எதிர்பார்க்கும் பதில் ‘ஆம்’ என்பது; கணக்குகள் சொல்லும் பதில் வேறு. இரண்டாம் கேள்விக்கு நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டியலை அது செய்ய முடியாத வேலைக்குப் பயன்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. மூன்றாம் கேள்விக்கான விடை இந்த இரண்டின் விளக்கத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதைத் தனியே பிரித்து எழுதவில்லை.

எண்களுக்குள் போகும் முன் ஒன்று. இதைப் படிக்கும் எவருக்கேனும் இப்போது தற்கொலை எண்ணம் இருக்குமானால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லவும், தாம் வாழும் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவ எண்ணையோ அழைக்கவும் வேண்டுகிறேன். அந்த நெருக்கடியின் உச்சம் கடந்துபோகக் கூடியது என்பதற்கான சான்றுகள் கீழே வருகின்றன.

முதலில் அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணக் காரணங்களில் அது மூன்றாம் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் இருபதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் நிகழக்கூடும் என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு. இந்த மரணங்களில் 73 விழுக்காடு குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில் நிகழ்ந்தவை. இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏழை நாடுகளில்தான் தற்கொலை அதிகம் என்று எழுதுபவர்கள் உண்டு; தொகையையும் வீதத்தையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழை அது. உலக மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் அந்த நாடுகளில்தான் வாழ்கிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற வீதத்தில் பணக்கார நாடுகள் சற்று மேலேயே நிற்கின்றன. ஆனாலும் அந்த 73 விழுக்காடு கவனிக்க வேண்டிய எண்தான். மனநல மருத்துவர்களும் நிதியும் ஆய்வுகளும் குவிந்திருக்கும் இடம் ஒன்று, மரணங்களின் பெரும்பகுதி நிகழும் இடம் வேறொன்று என்பதை அது காட்டுகிறது.

போக்கைப் பார்த்தால், வயது வேறுபாடுகளைச் சீர்செய்து கணக்கிட்ட உலகத் தற்கொலை வீதம் 2000க்கும் 2019க்கும் இடையில் 36 விழுக்காடு குறைந்தது. இந்த இறக்கத்தில் சீனாவின் பங்கு பெரிது. 1990களில், ஆண்களைவிடப் பெண்களின் வீதம் அதிகமாக இருந்த மிக அரிதான நாடாகச் சீனா இருந்தது; கிராமப்புற இளம் பெண்களே அதிகம் இறந்தனர். பின்னர் அவர்கள் லட்சக்கணக்கில் நகரங்களுக்கு வேலைக்குச் சென்று, சொந்த வருமானம் பெற்று, நெருக்கும் குடும்பச் சூழலிலிருந்தும் கையெட்டும் தூரத்தில் கிடந்த வேளாண் நச்சுகளிலிருந்தும் ஒருசேர விலகியபோது வீதம் செங்குத்தாக இறங்கியது. பின்லாந்தும் டென்மார்க்கும் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் உயர்ந்த வீதங்களைக் கொண்டிருந்த நாடுகள். இரண்டிலும் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. இதற்கு நேர்மாறாக, அதே 2000–2019 காலத்தில் அமெரிக்கக் கண்டங்களின் வீதம் 17 விழுக்காடு உயர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1999இல் ஒரு லட்சத்துக்கு 10.5 ஆக இருந்தது 2018இல் 14.2 ஆனது. அதே மருத்துவ அறிவும் அதே மருந்துகளும் இருக்கும் காலத்தில் ஒரு நாட்டில் வீதம் பாதியாகிறது, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. இந்த வேறுபாட்டைத் தனிமனிதர்களின் மனவலிமையால் விளக்க முடியாது. ஒரு நாட்டு மக்கள் எல்லோரும் இருபது ஆண்டுகளில் மனம் தளர்ந்துவிடுவதும் இன்னொரு நாட்டு மக்கள் எல்லோரும் திடம் பெற்றுவிடுவதும் நடக்காத காரியம்.

பிறகு ஏன் கூடிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது? மக்கள்தொகை பெருகுவதால் வீதம் குறைந்தாலும் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைவதில்லை. முன்பு ஊருக்குள் அடங்கிய செய்தி இன்று கைப்பேசி வழியாக எல்லோரையும் எட்டுகிறது. சில நாடுகளில், குறிப்பாகப் பதின்வயதினரிடையேயும் இளைஞரிடையேயும், வீதம் உண்மையாகவே உயர்ந்திருக்கிறது என்பதையும் மறுக்கக் கூடாது. உலகச் சராசரியின் இறக்கம் அந்த ஏற்றத்தை மறைத்துவிடும்.

எண்களை எடுத்தாளும் எவரும் அவை எப்படிப் பிறக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுகளை நம்பகமான தரத்தில் வைத்திருப்பவை ஏறத்தாழ 80 நாடுகளே என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. மற்றவற்றுக்கு மாதிரிக் கணக்கெடுப்புகளையும் கணித மதிப்பீடுகளையும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. பதிவு நன்றாக இருக்கும் நாடுகளிலும் ஒரு மரணம் தற்கொலையா, விபத்தா, நோக்கம் தெளிவற்றதா என்பதை விசாரணை அதிகாரி முடிவு செய்கிறார். அந்த முடிவின் மேல் குடும்பத்தின் வெட்கமும், சமய நம்பிக்கையும், காப்பீட்டு விதிகளும், வழக்குப் பதிவு பற்றிய அச்சமும் வந்து அழுத்துகின்றன. எனவே ஒரு நாடு தன் பதிவு முறையைச் சீர்படுத்தும் ஆண்டில் அங்கே வீதம் திடீரென்று ‘உயர்வது’ வழக்கம். அதைப் பார்த்து அஞ்சுவதைவிட, மிகக் குறைந்த வீதத்தை அறிவிக்கும் நாடுகளின் பதிவேடுகளைச் சந்தேகிப்பதே பயனுள்ளது.

பாலினமும் வயதும் எல்லா நாட்டுக் கணக்குகளிலும் முதலில் கண்ணில் படுபவை. 2019இன் உலக வீதம் ஆண்களுக்கு ஒரு லட்சத்துக்கு 12.6, பெண்களுக்கு 5.4. பணக்கார நாடுகளில் இந்த விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மற்ற நாடுகளில் இடைவெளி இதைவிடக் குறுகியது. ஆனால் முயற்சிகளின் எண்ணிக்கையில் பெரும்பாலான நாடுகளில் பெண்களே அதிகம். இந்த முரணைப் பார்த்து, பெண்களின் முயற்சிகள் ‘உண்மையானவை அல்ல’ என்று முடிவு கட்டுபவர்கள் மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அது தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. ஆண்கள் உதவி கேட்கத் தயங்குவது, அவர்களிடையே மதுப்பழக்கம் மிகுந்திருப்பது, அவர்கள் தேரும் வழிகள் உயிர்பிழைக்க இடம் தராதவையாக இருப்பது ஆகியவை இந்த இடைவெளியின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன. வயதைப் பொறுத்தவரை, இளைஞர்களின் மரணங்களே செய்தியாகின்றன. ஆனால் உலகின் பெரும்பாலான பகுதிகளில் எழுபது வயதைக் கடந்தவர்களின் வீதமே மிக உயர்ந்தது. இளைஞர்கள் வேறு நோய்களால் அதிகம் இறப்பதில்லை என்பதால் அவர்களின் மரணக் காரணப் பட்டியலில் தற்கொலை மேலே ஏறி நிற்கிறது. முதியவர்களிடமோ, துணையின் இழப்பும் தீராத வலியும் ‘இனி யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்ற நினைப்பும் சேர்ந்து வருகின்றன. இந்த வயதில் மனம் சோர்ந்திருப்பது இயல்புதானே என்று சுற்றியிருப்போர் கருதிவிடுவதால் மருத்துவமும் பிந்துகிறது.

இனி ஆபத்துக் காரணிகள். ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னிற்பது, முன்பு ஒருமுறை முயன்றிருப்பது. அதற்கு அடுத்து மனச்சோர்வு, இருமுனையக் கோளாறு, மனச்சிதைவு, மது மற்றும் போதைப் பொருள் அடிமைத்தனம், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள், தீராத உடல்வலி, குழந்தைப் பருவத்தில் அனுபவித்த வன்முறையும் பாலியல் துன்புறுத்தலும், துணையின் வன்முறை, குடும்பத்தில் ஏற்கெனவே நிகழ்ந்த தற்கொலை, கடன், வேலையிழப்பு, சிறைவாசம், அகதி வாழ்க்கை, பாலின அடையாளத்துக்காக ஒதுக்கப்படுதல். முன்முயற்சி பற்றிச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்வது கடமை: முயன்று உயிர்பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. மிக வலுவான ஆபத்துக் காரணி என்று நாம் சொல்வதும், அந்தக் காரணி உள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்து முடிப்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

மனநோய் பற்றி ஒரு குறிப்பு. ‘தற்கொலை செய்துகொள்பவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மனநோய் இருக்கிறது’ என்ற வாசகத்தைப் பாடப்புத்தகம் முதல் மேடைப்பேச்சு வரை கேட்டிருப்பீர்கள். இறந்தவரின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் பேட்டி கண்டு, மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து, மரணத்துக்குப் பின் நோயை ஊகிக்கும் ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. அந்த ஆய்வுகளில் பல பணக்கார நாடுகளில் செய்யப்பட்டவை. ஆசிய நாடுகளில் அதே முறையில் செய்யப்பட்ட ஆய்வுகளில், கண்டறியத்தக்க மனநோய் எதுவும் இல்லாதவர்கள் கணிசமாக இருந்தார்கள். இந்த 90 விழுக்காட்டு வாசகம் நன்மையும் செய்திருக்கிறது, தீமையும் செய்திருக்கிறது என்பது என் கருத்து. பழிச்சொல்லை அகற்றி மருத்துவரிடம் போக வழி செய்தது நன்மை. கடனும் வன்முறையும் அவமானமும் ஒருவரை மூச்சுத்திணற வைக்கும்போது அவற்றைத் தீர்க்கும் பொறுப்பை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் மருந்துச் சீட்டுக்குள் அடக்கிவிட வழி செய்தது தீமை. மனச்சோர்வு தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகிறது. ஆனால் எண்ணம் உள்ள பலரில் யார் செயலில் இறங்குவார் என்பதைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளின் மையம்.

பட்டியலைத் தவறான வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் சொன்னதை இங்கே விளக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் வெளியான 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, நாம் அறிந்த ஆபத்துக் காரணிகளைக் கொண்டு ஒருவரின் எதிர்காலத்தைக் கணிப்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானது என்று காட்டியது. ஏன் அப்படி என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஆண்டுக்குப் பத்துப் பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று கொள்வோம். இறக்கப்போகும் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடித்துவிடும், மற்றவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கிவிடும் அபாரமான சோதனை ஒன்று நம்மிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியொரு சோதனை நடைமுறையில் இல்லை. அந்தச் சோதனை ஊரில் 10,008 பேரை ‘ஆபத்தில் இருப்பவர்’ என்று அடையாளம் காட்டும். அவர்களில் அந்த ஆண்டில் இறப்பவர் ஒன்பது பேர், மீதி 9,999 பேர் இறப்பதில்லை. நிகழ்வு அரிதாக இருக்கும்போது எந்தச் சோதனையும் இந்தச் சுழலில் சிக்கிக்கொள்ளும். எனவே ஆபத்துப் படிவத்தை நிரப்பி ‘உயர்’, ‘குறைவு’ என்று முத்திரை குத்தி, ‘குறைவு’ என்று வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கத்துக்கு அறிவியல் ஆதரவு இல்லை. துன்பத்தோடு வந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய தேவை என்ன என்று கேட்டு உதவுவதே சரியானது.

அப்படியானால் அந்தப் பட்டியல் எதற்கு? சமூகம் எங்கே வேலி கட்ட வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு. கொள்ளைநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் இதயநோய் முதலானவற்றை வைத்து விளக்கிய கருத்து இங்கேயும் பொருந்துகிறது: மிக உயர்ந்த ஆபத்தில் இருக்கும் சிலரிடமிருந்து வரும் மரணங்களைவிட, சிறிய ஆபத்தில் இருக்கும் மிகப் பலரிடமிருந்து வரும் மரணங்கள் அதிகமாக இருக்கக்கூடும். அந்தப் பலரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்க இயலாது. அவர்கள் எல்லோரும் வாழும் சூழலை மாற்ற இயலும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று இலங்கை. 1990களின் நடுவில் அங்கே வீதம் ஒரு லட்சத்துக்கு நாற்பதைத் தாண்டி, உலகின் உச்சங்களில் ஒன்றாக இருந்தது. போரும் வறுமையும் நிறைந்த காலம் என்பதால் காரணங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் பூச்சிக்கொல்லிப் பதிவாளரும் மருத்துவர்களும் கேட்ட கேள்வி வேறு: இத்தனை பேர் ஏன் முயல்கிறார்கள் என்பதோடு, முயல்பவர்களில் இத்தனை பேர் ஏன் இறக்கிறார்கள்? 1980களிலிருந்து படிப்படியாக மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அதுவரை ஏறிக்கொண்டிருந்த கோடு 1995ஐ ஒட்டித் திரும்பி இறங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது, அதனால் காக்கப்பட்ட உயிர்கள் 93,000 என்று மதிப்பிடப்பட்டது. விளைச்சல் சரியவில்லை. பிரிட்டனில் 1960களிலும் 1970களிலும் வீடுகளுக்கு வந்த எரிவாயு வேறொரு காரணத்துக்காக நச்சுத்தன்மை குறைந்த வகைக்கு மாற்றப்பட்டபோது, எவரும் திட்டமிடாமலே நாட்டின் தற்கொலைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

‘முடிவு செய்தவர் ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடிக்கொள்வார்’ என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. கேட்பதற்கு நியாயமாகப் படும் இந்த வாதம் உண்மைக்கு முன் நிற்பதில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையை ரிச்சர்ட் சைடன் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார். பல ஆண்டுகள் கழித்தும் அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர் அல்லது இயற்கையாக இறந்திருந்தனர். ஆஸ்திரியாவில் முயன்று பிழைத்தவர்களிடம் கேட்டபோது, அந்தத் தடவை எண்ணம் எழுந்ததற்கும் செயலுக்கும் இடையில் பத்து நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது என்று கிட்டத்தட்டப் பாதிப்பேர் கூறினர். நெருக்கடி ஓர் அலையைப் போல எழுந்து தணிகிறது. எழுந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் கைக்கு என்ன எட்டுகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பவையே உயிரைத் தீர்மானிக்கின்றன. இந்தத் துறையில் ஒரே ஒரு உண்மையை மட்டும் எடுத்துச் செல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் எடுத்துச் செல்வேன்.

பொருளாதாரமும் மதுவும் இதே தர்க்கத்தில் வருகின்றன. ஒவ்வொரு சமூகத்துக்கும் அதற்கே உரிய தற்கொலை வீதம் உண்டு, அது சமூகப் பிணைப்புகளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இலேயே எழுதினார். அவருடைய புள்ளிவிவர முறைகளில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் அந்த அடிப்படைப் பார்வை நிலைத்துவிட்டது. ஆசிய நிதி நெருக்கடிக்கு அடுத்த ஆண்டான 1998இல் ஜப்பானில் ஆண்டுத் தற்கொலைகள் 30,000ஐத் தாண்டி, 2011 வரை அதற்குக் கீழே இறங்கவில்லை. கடனில் சிக்கிய நடுவயது ஆண்கள் அதில் பெரும்பங்கு. 2006இல் அந்நாடு தற்கொலைத் தடுப்புக்கென அடிப்படைச் சட்டம் இயற்றி, கடன் ஆலோசனை, வேலைச்சுமைக் கட்டுப்பாடு, உள்ளாட்சித் திட்டங்கள் என்று மருத்துவத்துக்கு வெளியே உள்ள துறைகளையும் பொறுப்பாக்கியது. 2019இல் எண்ணிக்கை 20,169. மறு ஆண்டு பெருந்தொற்றின்போது அது மீண்டும் ஏறியது, அந்த ஏற்றம் பெண்களிடையே குவிந்திருந்தது. இத்தனைக்கும், 21 நாடுகளின் கணக்குகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, பெருந்தொற்றின் முதல் மாதங்களில் பெரும்பாலான இடங்களில் தற்கொலைகள் கூடவில்லை என்றே காட்டியது. பேரழிவு வந்தால் தற்கொலை கூடியே தீரும் என்ற முன்முடிவும் தேவையில்லை. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் வழங்கிய திட்டம் அந்தப் பகுதிகளின் தற்கொலைகளை ஏறத்தாழ 18 விழுக்காடு குறைத்ததாகக் கண்டறியப்பட்டது. அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் மனதில் தற்கொலை இருந்திருக்காது. 1985இல் சோவியத் ஒன்றியத்தில் கோர்பச்சேவ் கொண்டுவந்த மதுக் கட்டுப்பாடு பல வகைகளில் கேலிக்கு உள்ளானது, விரைவில் கைவிடவும்பட்டது. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் ஆண்களின் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன, கட்டுப்பாடு தளர்ந்ததும் ஏறின.

ஊடகத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரிது. புகழ்பெற்றவர் ஒருவரின் தற்கொலை பரபரப்பாக வெளியிடப்பட்ட பிறகு மொத்தத் தற்கொலைகள் சராசரியாக 13 விழுக்காடு கூடுவதை 2020இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. வழியை விவரிப்பது, இடத்தைப் படம்பிடிப்பது, கடைசிக் கடிதத்தை வெளியிடுவது, ‘தேர்வில் தோற்றதால்’, ‘காதல் தோல்வியால்’ என்று ஒற்றைக் காரணத்தில் முடித்துவிடுவது ஆகியவை அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு அதை ஒரு வழியாக ஆக்கிக் காட்டுகின்றன. வியன்னாவில் 1987இல் நாளிதழ்கள் புதிய நெறிமுறைகளை ஏற்று, சுரங்க ரயில் நிலையச் சம்பவங்களைப் பற்றி எழுதும் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தச் சம்பவங்கள் சட்டென்று குறைந்தன. எழுதவே கூடாது என்பது இதன் பொருள் அல்ல. நெருக்கடியிலிருந்து மீண்டவர்களின் அனுபவத்தைச் சொல்லும் செய்திகளுக்குக் காக்கும் ஆற்றல் உண்டு என்பதும் ஆஸ்திரிய ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பே. இன்று எல்லோர் கையிலும் ஓர் ஊடகம் இருப்பதால், இறந்தவரின் கடைசிப் பதிவைப் பகிர்வதற்கு முன் யோசிக்க வேண்டியவர்கள் பத்திரிகையாளர்கள் மட்டும் அல்லர். மொழியிலும் கவனம் வேண்டும்: ஒரு முயற்சியை ‘வெற்றி’, ‘தோல்வி’ என்ற சொற்களால் குறிப்பது, பிழைத்தவரைத் தோற்றவர் ஆக்கிவிடுகிறது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முயற்சியைக் குற்றமாக வைத்திருப்பது எங்கும் தற்கொலைகளைக் குறைத்ததாகச் சான்று இல்லை. முயன்றவர் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதும், பதிவேட்டில் ‘விபத்து’ என்று எழுதப்படுவதும்தான் அதன் விளைவு. இங்கிலாந்து 1961இல் அதைக் கைவிட்டது, இலங்கை 1998இல், கயானா, பாகிஸ்தான், கானா, மலேசியா ஆகியவை 2022, 2023 ஆண்டுகளில். அப்போதும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சட்டப் புத்தகங்களில் அது குற்றமாகவே எஞ்சியிருந்தது.

கடைசியாக, தனிமனிதர்கள் என்ன செய்யலாம் என்பது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும் என்ற அச்சம் பரவலானது. ஆய்வுகள் அதை மறுக்கின்றன, கேட்பது பலருக்கு ஆறுதலாகவே அமைகிறது. கேட்டபின் அறிவுரை சொல்வதைவிட முழுதும் கேட்டுக்கொள்வது, அந்த நேரத்தில் தனியே விடாமல் இருப்பது, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுவது, மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கூடவே செல்வது ஆகியவை போதும். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது அதற்குப் பிறகுதான். மருத்துவமனையிலிருந்து வந்ததும் ‘எல்லாம் முடிந்துவிட்டது, இனி அதைப் பேச வேண்டாம்’ என்று மௌனமாகிவிடுகிறார்கள்; ஆபத்து மிகுந்திருப்பதோ அந்த வாரங்களில்தான்.

தொடர்பைத் தக்கவைப்பதன் பலனை உலகச் சுகாதார நிறுவனம் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் 1,867 பேரிடம் சோதித்தது. முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணிநேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி அழைப்போ நேர்ச் சந்திப்போ சேர்க்கப்பட்டன. அந்தக் காலத்தின் முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 2.2 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 0.2 விழுக்காடு. விலையுயர்ந்த கருவியோ புதிய மருந்தோ அதில் எதுவும் இல்லை. இதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1970களை ஒட்டி, சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் தொடர்சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்ட 843 நோயாளிகளைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பாதியினருக்கு மட்டும் கடிதம் எழுதச் செய்தார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் மகிழ்வோம் என்ற அளவில் சில வரிகளே இருக்கும். மருந்தைப் பற்றியும் இருக்காது, மருத்துவமனைக்கு வரச் சொல்லியும் இருக்காது. முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 24 கடிதங்கள். கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைகள் குறைந்திருந்தன; அந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது, கடிதங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த முதல் இரண்டு ஆண்டுகளில்.